வைண்டிங் அக்காவும் ஒண்ணாம் நம்பர் மீட்டரும்

மின்சாரத்துக்கு எல்லாரும் பயப்படுவார்கள். மின்சாரமே பயந்து நடந்துகொண்டது எனக்குத் தெரிந்து ஒரே ஒருவரிடம்தான். மண்ணூர்பேட்டையில் நாங்கள் முதன்முதலாக வாடகைக்குப் போன வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. தபால்காரர் உட்பட எல்லாருக்கும் அவர் வைண்டிங் அக்கா.

பகலெல்லாம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தெருவாரின் ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் கம்பி சுற்றுவது பொழுதுபோக்கு. கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் டெஸ்டர் செருகியிருப்பார். கம்பத்தில் ஏறும் லைன்மேன்கூட, "அக்கா, ஏறலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

காது அப்படிப்பட்ட காது. ஒருநாள் என்னோடு காய்கறி வாங்க வந்தவர், முன்பின் தெரியாத ஒரு வீட்டு ஜன்னல் முன்னால் நின்றுவிட்டார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தாமா! மிக்ஸில கார்பன் தேஞ்சிபோய்கீது. இன்னிக்கி சட்னியோட நிறுத்திக்கோ. நாளிக்கி போட்டா பொகை வரும்."

அந்த அம்மாள் ஜன்னலைப் படீரென்று சாத்தினார். மறுநாள் புகை வந்தது. சாயங்காலமே மிக்ஸியைத் துண்டில் சுற்றி, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல அக்கா வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அக்கா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

இதெல்லாம் சும்மா. அக்காவின் உண்மையான புகழ் வேறு. எங்கள் ஊரில் மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் நூறு யூனிட் இலவசம். அந்த நூறைத் தாண்டாமல் குடித்தனம் செய்வதற்குத் துறவியாகத்தான் வேண்டும். அக்காவோ ஃபிரிட்ஜ், டிவி, இரண்டு ஃபேன், இது போதாதென்று வார்னிஷ் அடித்த கம்பிச்சுருளைக் காயவைக்க நாலு குண்டு பல்பு போட்ட மரப்பெட்டி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாலு வருடமாகப் பூஜ்யம் ரூபாய் பில் வாங்கிக்கொண்டிருந்தார். மீட்டர் அட்டையைப் பைபிளுக்குள் வைத்திருந்தார். கேட்டால் எடுத்துக் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

"எப்படிக்கா?" என்று வாயைப் பிளந்தேன்.

"மீட்டரு மனுசன் மாரி, பாப்பா. தொரத்துனா ஓடும். ஒரு சுச்சைப் போட்டியா, 'மாதாவே'ன்னு ஒரு வாட்டி சொல்லு, அப்பால அடுத்த சுச்சு. நாலு வருசத்துக்கு முன்னாடி என் ஊட்டு வயரிங்க என் கையால மாத்துனேன். அன்னிலேந்து ஜீரோ. எல்லாம் கைராசி."

தெருவே இதை நம்பியது. பக்கத்து வீட்டு ஆஞ்சநேய பக்தர்கூட சுவிட்சுக்குச் சுவிட்சு "மாதாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் எங்கள் முதல் பில் வந்தது. மூவாயிரத்துக்கு ஐம்பது ரூபாய் குறைவு. பயந்துபோனேன். தொகைக்காக மட்டும் இல்லை. நானும் தினாவும் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஆவடியில் இருக்கும் என் மாமனார் சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். "வுடுப்பா, ரெண்டு கரண்டு பில்லு வரட்டும். தானா பொட்டியத் தூக்கினு வருவானுங்க." போனால் சோறு நிச்சயம். ஆனால் நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

பில்லை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவர் ஒரு ஃபேனுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பில்லு வந்திருக்கு."

"எரநூத்தி நாப்பது. எவ்ளோ? எரநூத்தி நாப்பத்தொண்ணு."

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது."

"எரநூத்தி நாப்பத்திரண்டு. அட பாவமே! எரநூத்தி நாப்பத்திமூணு. ஃபிரிட்ஜு வெச்சிக்கினு கீறியா? எரநூத்தி நாப்பத்திநாலு."

என் எண்ணிக்கையில் இருந்த ஐம்பதும் ஆயிரமும் அவர் எண்ணிக்கைக்குள் ஒரு சுற்றுகூட நுழையவில்லை. பில்லை மறந்து நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த இரண்டு மாதம் நாங்கள் அக்காவின் சட்டப்படி வாழ்ந்தோம். ஃபிரிட்ஜை நிறுத்தினோம். அதன் மேல்தட்டில் துவரம்பருப்பு, கீழே என் கல்யாணப் புடவைகள். போனுக்கு ஆபீசில் சார்ஜ். தினா இஸ்திரி போடாத சட்டையோடு வேலைக்குப் போய், "இன்னா தினா, ஊட்ல சண்டையா?" என்று விசாரிக்கப்பட்டார். இருந்தது ஒரு ஃபேன், ஒரு லைட், இருநூறு மாதாவே.

இரண்டாவது பில் மூவாயிரத்து அறுநூறு.

தினா பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினார். நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அழுகைச் சத்தத்தில் ஏதோ கோளாறு தெரிந்ததோ என்னவோ, அக்கா மாடியேறி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. நாங்கள் ஒரு சுவிட்ச் தவறாமல் செய்தும் அவர் வித்தை பலிக்கவில்லை.

"பொட்டிய மேல வையி தினா. இந்த ஊட்ல மூணு குடும்பம் பில்லு தாங்காம ஓடிச்சி. இந்த வாட்டி ஓட வுட மாட்டேன். நாயித்துக்கெயம பூசை முடிச்சிட்டு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அப்படியே வந்தார். மாடிப்படிக்குக் கீழே பலகையில் மூன்று மீட்டர்கள், 1, 2, 3 என்று பெயிண்டில் எழுதியிருக்கும். எங்கள் கதவில் 1. எங்களுக்கு எதிரே வீட்டுக்காரரின் மகள் வீடு, கதவில் 2. அவர் வெளிநாட்டில் இருப்பதால் எப்போதும் பூட்டு. கீழே அக்கா வீட்டுக் கதவில் 3.

எங்கள் வீட்டு மெயினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். ஒண்ணாம் நம்பர் மீட்டரில் கரண்ட் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்தது.

அக்கா வெற்றி முழக்கமிட்டார். "திருட்டு கனெக்சன்! எவனோ உன் மீட்டர்லேந்து கரண்டு இஸ்துக்கினு கீறான்! வாங்கய்யா, எல்லாரும் வாங்க! திருடனக் காட்றேன்!"

தெரு கூடியது. பால் பாக்கெட் கடைக்காரர் கல்லாவைப் பூட்டாமலே வந்தார். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தத் திருடனின் வம்சத்தை ஐந்து நிமிடம் வாழ்த்தினார். பூசை முடிந்து வந்த வாய் என்று யாரும் சொல்ல முடியாது.

பூட்டிய வீட்டின் மெயினை வீட்டுக்காரர் மகள் வெளிநாடு போகும்போதே இறக்கிவிட்டுப் போயிருந்தார். மிச்சம் அக்கா வீடு மட்டும்.

"என் ஊட்ட பாக்கவே தேவையில்ல. ஆனா மொறைன்னா மொறை. பாப்பா, நீ உள்ள போயி மெயின இறக்கு. நான் மீட்டர பாக்குறேன்."

உள்ளே போய் இறக்கினேன். மரப்பெட்டியில் நாலு பல்பும் அணைந்தன.

"ஏத்து" என்றார். ஏற்றினேன்.

"இறக்கு." இறக்கினேன். காத்திருந்தேன். அரை நிமிடம் இருக்கும். நான் வெளியே வந்தபோது அக்கா மீட்டர் பலகை முன்னால் நின்றிருந்தார். அவர் முதுகு மறைத்திருந்ததால் கூட்டத்துக்கு விளக்கு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"இன்னாக்கா, திருடன் ஆப்டானா?" என்றார் பால் பாக்கெட் கடைக்காரர்.

அக்கா திரும்பினார்.

"ஆப்டான். நான்தான்."

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஒதுங்கி நின்று ஒண்ணாம் நம்பர் மீட்டரைக் காட்டினார். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பிறகு நேராக எங்கள் வீட்டுக்கு ஏறிப்போய், கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவி, கதவில் இருந்த 1-ஐச் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் பழைய 2 இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால், வேப்பம்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு எண்கணித ஜோசியர், கீழ்வீட்டு நிலவாசலில் ஒண்ணு இருந்தால் குடும்பம் விருத்தியாகாது, மூணு இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். இவரும் மூன்று கதவுகளின் எண்ணையும் மாற்றி எழுதி, மீட்டர் அட்டைகளையும் புது எண்படி மாற்றிக் கொடுத்து, தெருவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருக்கிறார். மீட்டர் பலகையை ஜோசியரும் மறந்தார், இவரும் மறந்தார். ஒண்ணாம் மீட்டர் அன்றும் இன்றும் கீழ்வீட்டு மீட்டர்தான். அக்காவுக்கு வந்தது பூட்டிய வீட்டின் பில். அக்காவின் பில்லை மாடியில் குடிவந்தவர்கள் கட்டினார்கள். நாங்கள் செலவழித்த துளியூண்டு மின்சாரம் இரண்டாம் மீட்டரில் ஏறி, வீட்டுக்காரர் கணக்கில் நூறு யூனிட்டுக்குள் அடங்கி யார் கண்ணிலும் படவில்லை. அக்கா வயரிங் மாற்றியதும் அதே மாதம். கைராசி என்று நம்பிவிட்டார். எங்கள் இரண்டாவது பில் எகிறியது ஏன் என்றும் புரிந்தது. கோடையில்தான் அக்காவிடம் ஃபேன்கள் குவியும்.

"மூணு குடும்பம் பாப்பா" என்றார் படியில் உட்கார்ந்து. "கடைசியா இருந்தவ புள்ளதாச்சி. பில்லு கட்ட முடியலக்கான்னு அழுதா. நீ சுச்ச சரியா போடலடின்னு அவள திட்டி அனுப்பிச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை ஆயிரம் சுற்று சுற்றிய கை அது.

வீட்டுக்காரர் ரயிலேறி வந்தார். கதவு எண்ணைத் திருப்பி மாற்றினால் தோஷம் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் ஜோசியரைப் பகைக்காமல் மீட்டர் பலகையின் எண்களை மாற்றி எழுதினோம். அடுத்த பில் எங்களுக்குப் பூஜ்யம். தினா சூட்கேஸைப் பரணில் ஏற்றினார். நான் வேலையை விடவில்லை, இன்றுவரை. அக்காவுக்கு வந்த பில்லை அவரே தெருவில் ஒவ்வொருவரிடமும் காட்டினார். ஓடிப்போன மூன்று குடும்பங்களையும் விசாரித்துத் தேடி, வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த அரை நிமிடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விளக்கு அணைந்ததைப் பார்த்தது அவர் ஒருவர்தான். "ஒண்ணும் புரியல பாப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தெரு நம்பியிருக்கும், நானும் நம்பி ஆவடிக்குப் பெட்டி கட்டியிருப்பேன்.

இப்போது சொந்த வீடு தேடுகிறோம். குத்தம்பாக்கத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மலிவாக ஒரு ஃபிளாட் காட்டிய தரகர், எதற்காக வேண்டாம் என்கிறோம் என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். மண்ணூர்பேட்டையிலேயே பாருங்கள், வைண்டிங் அக்கா கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.