குலுங்காமல் கூட்டிவந்த விவரம்

சேவூர்,
வெள்ளிக்கிழமை, காலை மணி 10.20

கண்ணமங்கலம் சம்பந்தி குமரேசன் அவர்கள் சமூகத்துக்கு, சேவூர் நெசவாளி ஜெகநாதன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் புதுக் காரும் அதிலுள்ள ஐந்து கியர்களும் ஒரு குறைவுமின்றி இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மா புஷ்பலதா அவர்களும் காலைப் பலகாரம் முடித்து மனநிறைவோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. நீங்கள் போட்ட நிபந்தனை நினைவிருக்கிறது: மருமகளை அனுப்புகிறேன், ஆனால் வழியில் ஒரே ஒரு குலுக்கல் குலுங்கினாலும் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், பிரசவத்தைக் கண்ணமங்கலத்திலேயே பார்த்துக்கொள்வோம், போய்ச் சேர்ந்த விவரம் எழுத்தில் வர வேண்டும், போனில் சொல்வதெல்லாம் ஃபைலில் நிற்காது என்று சொல்லியிருந்தீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் செயலாளராக இருந்தவருக்கு வாய்வார்த்தை செல்லாதுதான். ஆகவே எழுத்தில் தருகிறேன், ஓட்டை போட்டுக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு உங்கள் வாசலில் கிளம்பினேன், பத்தே காலுக்கு என் வாசலில் நின்றேன். நிறைமாதமாக இருக்கும் என் மகள் லாவண்யா வழியில் ஒரு முறைகூட ‘ஐயோப்பா’ என்று சொல்லவில்லை. இதோ இப்போதும் பின்சீட்டில் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கிறாள். வீடு பூட்டியிருக்கிறது. சாவி என் வீட்டுக்காரி லீலாவிடம், லீலா பஸ்ஸில். உங்கள் வீட்டில் கலந்த சாதத்தை இறக்கி வைத்துவிட்டு, ‘நா முன்னாடி போயி ஆரத்தி கரைச்சி வெக்கிறேன்’ என்று எனக்கு அரை மணி முன்னால் பஸ் ஏறியவளை நான் முந்திவிட்டேன் என்பதையும் ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரத்தி சுற்றாமல் மகளை உள்ளே அழைக்க முடியாது, எழுப்பவும் மனசு வரவில்லை. ஏ.சி.யை ஓடவிட்டு, ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். பூட்டிய வீட்டுக்குள் லீலா மறந்துவிட்டுப் போன போன் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. கிரெடிட் கார்டு வேணுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும், அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் வளைகாப்பன்று நடந்ததை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றே மகளை அழைத்து வந்துவிடுவோம் என்றுதான் புது வண்டிக்கு மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தேன். முதல் பிள்ளை தாய் வீட்டில் பிறக்க வேண்டும் என்று லீலா கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து தொட்டில் துணி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் வாசல்வரைக்கும் ஒழுங்காக வந்த வண்டி, தாங்கள் வெள்ளை வேட்டியில் ‘வாங்க, வாங்க’ என்று எதிரே வந்த நேரம் பார்த்துத் தவளை மாதிரி ஒரு தாவு தாவி நின்றுபோய், பின்னாலிருந்த சீர்த் தட்டு முன்னால் வந்து, லட்டு உருண்டு, அதில் இரண்டு தங்கள் செருப்புக்கு அடியில் போய் நசுங்கியது வாஸ்தவம். அதற்காக நூறு பேர் நடுவில் நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். ‘தறிக்காரரு ஓட்டினா வண்டி தறிகெட்டுத்தான் ஓடும்’ என்றீர்கள். பந்தலே சிரித்தது. சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். என் மகளும் வளையல் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ‘இந்த ஆட்டத்துல புள்ளத்தாச்சிய அனுப்ப முடியாதுங்க, வாடகைக் கார் வெச்சிக்கோங்க’ என்று நீங்கள் சொன்னதும், லீலா வெறும் கையோடு திரும்பிவந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

கியர் இல்லாத வண்டி வாங்குங்கள் மாமா என்று மாப்பிள்ளை கோகுல்ராஜ் ஆரம்பத்திலேயே சொன்னார். பதினாறு வயசிலிருந்து காலால் பிழைத்தவனுக்குக் காலுக்கு வேலை இல்லாத வண்டி எதற்கு என்று நான்தான் மார்தட்டினேன். அந்தக் கால்தான் என் கழுத்தை அறுத்தது. ஆரணியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் சுகன்யா என்ற அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ‘சார், அது கிளட்ச்சு சார், இன்னா பட்டுனு வுடறீங்க?’ என்றார். தறியில் ஒரு மிதியை அமுக்கினால் மற்றதைப் பட்டென்று விட வேண்டும், பாதி விடுவது என்ற பேச்சே கிடையாது, பாதி விட்டால் இழைகள் பாதிதான் திறக்கும், குறுக்கே ஊடை நூலை இழுத்துப்போகும் நாடா நடுவில் சிக்கிக்கொள்ளும் என்றேன். ‘இது தறி இல்ல சார், ரோடு’ என்றார். இடது காலை விட்டதும் வலது கால் தானாக இறங்கி ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் அமுக்கும். அதோடு போச்சா? கால் மாறிய உடனே இடது கை தறிப் பலகையைத் தன் பக்கம் இழுத்து ஊடையை அடித்துப் பழகிய கை, அது கியர் ராடைப் பிடித்து ஒரு இழு இழுக்கும். முதல் கியரிலிருந்த வண்டி இரண்டைக் கேட்காமல் மூன்றைக் கேட்காமல் நேராக நான்கில் போய் விழுந்து, இருமி, செத்துப்போகும். அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, ‘சார், நீங்க வண்டி ஓட்டல, பொடவ நெய்றீங்க’ என்றார். சேவூர் ரோட்டில் டவுன் பஸ் டிரைவர்கள் என் வண்டியைக் கண்டால் ஓரம் கட்டி வழி விட்டார்கள். மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன்.

பத்து நாள் இப்படியே பேஜார். பதினோராம் நாள் கண்ணமங்கலம் ரோட்டு மேட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் பஸ் ஹாரன் அடித்து, எனக்கு ரோஷம் வந்து, இந்தச் செருப்புத்தான் சனியன் என்று கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். வெறும் காலை கிளட்ச்சில் வைத்து மெதுவாக விட்டுக்கொண்டு வந்தால், சம்பந்தி, பாதி வழியில் பாதத்துக்கு அடியில் ஒரு நடுக்கம் வந்தது. கிர்ரென்று ஒரு சின்ன நடுக்கம். ‘அங்கியே நிறுத்துங்க சார், அதான் புடி!’ என்று சுகன்யா கத்தினார். இதை ஏனம்மா முதல் நாளே சொல்லவில்லை என்றேன். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தால் குனிந்து பார்க்கிறதுக்கு முன்னால் என் பாதத்துக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பாதத்துக்கு நான் ரப்பர் செருப்பு மாட்டிவிட்டுக் கஷ்டப்பட்டிருக்கிறேன். வண்டி மேட்டில் கம்மென்று ஏறியது. பஸ் ஹாரனை நிறுத்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, வெட்கம் என்ன இருக்கிறது, எழுத்தில் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு மகளுக்குப் பதில் ரசம். வாய் அகலமான குண்டானில் விளிம்பு வரைக்கும் ரசம் ஊற்றி, மகள் உட்காரும் இடத்தில் வைத்து, பெல்ட் போட்டு, தினமும் காலையில் ஆரணியைச் சுற்றினேன். முதல் நாள் அரைக் குண்டான் சீட்டில், அடுத்த நாள் கால் குண்டான். ‘இன்னாங்க இது, கார்ல ஏறனா ஓட்டல் வாசன வருது, கொத்தமல்லியெல்லாம் சீட்டுல ஒட்டிகினு கீது’ என்று லீலா தலையில் அடித்துக்கொண்டாள். வாயாலேயே கியர் போட்டுக்கொண்டு தூங்கினேனாம், அவள்தான் சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை ஆரணி பஜார், மாட்டு வண்டி, ஷேர் ஆட்டோ, நடுரோட்டில் நின்று பேசும் இரண்டு வியாபாரிகள், அத்தனையும் தாண்டி ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று என்று மாற்றி வீடு வந்து பார்த்தால் சீட்டில் ஒரு பொட்டு ரசம் இல்லை. சுகன்யா குண்டானைப் பார்த்துக் கைதட்டினார். அந்த ரசத்தை ஊற்றி லீலா எனக்குச் சோறு போட்டாள், ‘மக வந்துடுவாளா?’ என்று அப்போதுதான் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

இன்றைக்கு வருவோம். கார் குளிரட்டும் என்று முன்னாலேயே இஞ்சினைப் போட்டு வைத்தேன். சுகன்யா சொன்னபடி போனை அணைத்து டேஷ்போர்டுக்குள் தள்ளினேன். தலையணை, சால்வை, பை, மகள் எல்லாம் பின்சீட்டில் ஏறியாயிற்று. பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது, அனுப்புகிறவர்கள் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கூட்டிப்போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நம் வழக்கப்படி நீங்கள் எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நானும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்கதவு டப்பென்று சாத்தும் சத்தம் கேட்டது. பாதத்தில் நடுக்கம் வந்தது. விட்டேன். சம்பந்தி, அப்படி ஒரு கிளம்பல் நான் கிளம்பியதில்லை. முதல் கியரிலிருந்து இரண்டு, சத்தமில்லை. இரண்டிலிருந்து மூன்று, ‘எப்டிமா இருக்குது?’ என்றேன், பதில் இல்லை, கண் அசந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன், சால்வைதான் தெரிந்தது, ஏ.சி. குளிருக்கு நன்றாக இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். வளைகாப்பன்று அவள் சிரித்தது எனக்கு எவ்வளவு வலித்தது என்றுகூடச் சொல்லிவிட்டேன். தூங்குகிறவளிடம் சொன்னால் சுலபமாக இருக்கிறது. வேகத்தடைகளில் இரண்டுக்கு இறக்கி ஏற்றியதில் பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. இனி ‘தறிகெட்டு’ என்ற அந்த வார்த்தையைத் தாங்கள் அதே நூறு பேர் நடுவில், பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று, வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு என் ஆசியையும் தெரிவிக்கவும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆயுசும் ஆரோக்கியமும், காலத்தில் ஐந்து கியரும் தடையில்லாமல் விழுகிற யோகமும் கிட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து,
சேவூர் ஜெகநாதன்

பின்குறிப்பு: நான் எழுதுவதற்கு முன்பே உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. லீலா வந்தாள், ஆரத்தி கரைத்தாள், தெருப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டாள். நான் இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். ‘ஏங்க, தலகாணிக்கா ஆரத்தி சுத்தறது?’ என்றாள். உள்ளே ஓடி அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தால், முப்பத்தேழாவது தடவையாக உங்கள் வீட்டிலிருந்து என் மகள். மேலே கண்டுள்ள விவரம் எதையும் ஃபைலில் கோக்க வேண்டாம். வந்த காலோடு திரும்பி வருகிறேன், இந்தக் கடிதத்தையும் நானே கையில் கொண்டுவருகிறேன். அவளைத் திட்டாதீர்கள். நிறைமாதம், அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, பாத்ரூம் போய்விட்டு வரலாம் என்று இறங்கிக் கதவைச் சாத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். ‘திரும்பி வந்து பாத்தா வண்டியக் காணோம்பா’ என்று போனில் அழுதாள். நானும் அழுதேன். ‘வண்டி பக்கத்துலதாம்மா இருந்த, ஒரு கொரல் குடுத்திருக்கலாம் இல்ல?’ என்றேன். ‘எப்டிப்பா குடுக்கிறது? நீ கெளம்புனதே எனக்குத் தெரியல’ என்றாள்.