டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

கம்ப்யூட்டரில் காலம் தள்ளியவன் என்றால் பெரிய மூளைக்காரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை என்னவென்றால், என் உத்தியோகத்தில் பெரும்பகுதி, இருக்கும் பொருளை இல்லை என்று சாதிக்கும் ஓர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, "இருக்கிறது, நன்றாகப் பார்" என்று கெஞ்சியதிலேயே போய்விட்டது. நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. அதிலும் என் நிச்சயதார்த்தத்தன்று கெஞ்சியதை நினைத்தால், எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

எழுபதுகளின் கடைசி. தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அந்தக் கட்டடத்திலேயே ஏசி உள்ள அறை அது ஒன்றுதான் (மேனேஜருக்கே மின்விசிறிதான்; அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை). சம்பளச் சீட்டு அடிக்கும் புரோகிராமை எழுதியவன் நான். அதைத் துண்டு துண்டாக்கி, வருகைக்கு ஒன்று, பிடித்தத்துக்கு ஒன்று, அச்சடிக்க ஒன்று என்று இரண்டு டிஸ்க்குகளில் தனித்தனி டைரக்டரிகளில் வைத்திருந்தேன். எந்தத் துண்டு எந்த டிரைவில் (டிஸ்க்கை மாட்டும் பெட்டி அது), எந்த டைரக்டரியில் கிடக்கிறது என்று துளை அட்டைகளில் குறித்துக் கொடுத்தால், இயந்திரம் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரே புரோகிராமாகச் சேர்த்துத் தரும். எல்லாத் துண்டுகளையும் ஒரே இடத்தில் போட்டுத் தொலைத்திருக்கலாம். பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டுமாம் எனக்கு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மாலை நான்கு மணிக்குச் சாத்தான்குளத்தில் நிச்சயம். பெண் பெயர் கிரேஸ். அன்றைக்கே சம்பளச் சீட்டும் அடித்தாக வேண்டும். "அடிச்சு வச்சிட்டு எங்க வேணும்னாலும் போங்க" என்றார் மேனேஜர். நாசரேத்தில் வாத்தியாராக இருந்த என் அண்ணன், என்னை அழைத்துப்போக வாடகைக் காரோடு வந்து, ஏசி நன்றாயிருக்கிறது என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

காலையில் ஓட்டினேன். முதல் துண்டையே காணோம் என்றது இயந்திரம். அட்டையில்தான் ஏதோ பிசகு என்று முடிவு கட்டினேன். படித்தவன் அல்லவா, தப்பு நுட்பமான இடத்தில்தான் இருக்க வேண்டும். ஓர் அட்டையை மாற்றினால் ஒரு துண்டு கிடைக்கும், அடுத்ததைக் காணோம் என்று வரும். ஒவ்வொரு தடவை ஓட்டவும் அரை மணி நேரம் போனது. ஒன்று விடாமல் எல்லா அட்டைகளையும் புதிதாகத் துளைத்து, பழைய அட்டைகளைக் குப்பைக்கூடையில் வீசிவிட்டு, இனி ஓடாமல் எங்கே போகும் என்று முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்து ஓட்டினேன். முதல் துண்டைக் காணோம்.

"ஏலே ஜெபா, மணி ரெண்டாச்சு. மாப்பிள்ளை இல்லாமலா நிச்சயம் பண்ணுவாவ?" என்றார் அண்ணன்.

எனக்கு அழுகை வந்தது. அப்போது ஆபரேட்டர் சண்முகம் மெதுவாக அருகில் வந்தான்.

"சார், கோவப்படக் கூடாது. நேத்து பூஜைக்கு டிஸ்க்கு ரெண்டையும் கழட்டி வச்சோம்லா? திரும்ப மாட்டயில எது எந்த டிரைவுக்குன்னு நம்பர் தெரியல. நம்பர் சீட்டு மேல சந்தனமா அப்பிக் கெடந்துச்சு. குத்துமதிப்பா மாட்டிட்டேன். நீங்க முகம் கழுவப் போனப்பதான் சொரண்டிப் பாத்தேன், மாறிக் கெடந்துச்சு. சரியா மாத்தி வச்சிட்டேன். ஓடுனதும் சொல்லலாம்னு இருந்தேன்."

அதாவது, மாறிக் கிடந்த டிஸ்க்குக்கு ஏற்றபடி நான் அட்டையை மாற்றி முடித்த நேரத்தில், அவன் டிஸ்க்கைச் சரியாக்கிவிட்டான்.

"எந்தக் கோட்டிக்காரன்லே நம்பர் மேல போயி அப்புனது?" என்று கேட்டார் அண்ணன்.

நான் கூரையைப் பார்த்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள்; எங்கள் வீட்டில் பூஜை கிடையாது. வேதக்காரன் ஒதுங்கி நிற்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று நானாகப் போய்ச் சந்தனக் கிண்ணத்தை வாங்கியிருந்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு டிஸ்க்கின் மேலும் வெள்ளையாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பொட்டு வைக்கவே விட்ட இடம் என்று நினைத்துத் தாராளமாக அப்பிவிட்டேன்.

இனி நேரமில்லை. பேசாமல் குப்பைக்கூடையில் கையை விட்டுப் பழைய அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினேன். சண்முகமும் பேசாமல் போய், என் புது அட்டைகளுக்குத் தோதாக டிஸ்க்குகளை மறுபடி மாற்றி மாட்டினான். ஓட்டினோம். முதல் துண்டைக் காணோம்.

அண்ணன் எழுந்தே விட்டார். "ரெண்டு பேரும் சேந்து வேலை பாத்தா வெளங்காது. ஜெபா, நீ கையக் கட்டிக்கிட்டு அங்கன போயி நில்லு!"

நின்றேன். சண்முகம் டிஸ்க்கை மட்டும் மாற்றினான். ஓடியது. சீட்டுகள் அடித்து முடிய நான்கு மணி ஆகிவிட்டது.

சாத்தான்குளம் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பந்தலில் பாதி நாற்காலிகள் காலி. பாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பெண்ணின் அப்பா, "என்ன மாப்பிள்ளை, இஷ்டமில்லையோ?" என்று கேட்டார்.

பதறிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். டைரக்டரி, டிரைவ், அட்டை எல்லாம். ஒருவருக்கும் புரியவில்லை. புரியட்டும் என்று, "டிஸ்க்குக்கு நான் வைத்த சந்தனம்தான் காரணம்" என்றேன். அது மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அண்ணன் என் தொடையில் கிள்ளியது காலம் கடந்த நடவடிக்கை.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி பூஜையெல்லாம் பண்ணுவியளோ?"

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கிரேஸை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதற்குள் அவளில்லாமல் முடியாது என்று ஆகியிருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"அப்பா," என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. கிரேஸ். "பூஜை பண்ணிப் பழக்கம் உள்ளவியன்னா வைக்க வேண்டிய எடத்துல வச்சிருப்பாவ. இவிய நம்பர் மேல போயி அப்பிட்டு வந்திருக்காவ. இதான் மொத தடவையா இருக்கும்."

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஜெபிப்போம்" என்றார். அப்படியொரு சந்தோஷத்தில் நான் அதுவரை கண்ணை மூடியதில்லை.

அன்று என்னைக் காப்பாற்றிய அந்த வாக்கியத்துக்கு நான் இன்றைக்கும் வட்டி கட்டுகிறேன். நான் தோசை வார்த்தாலும், துணி மடித்தாலும், பேரனுக்குத் தலை வாரிவிட்டாலும் கிரேஸ் வந்து எட்டிப் பார்ப்பாள். பிறகு மருமகளிடம் திரும்பி, எனக்காகப் பரிந்து பேசுகிற அதே குரலில் சொல்லுவாள்: "ஏளா, ஒண்ணும் சொல்லாத. மொத தடவையா இருக்கும்."