என் குரு துணி துவைக்கிறார்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கும் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி இந்த வெற்றிக் கடிதத்தை எழுதுகிறேன். நின்றபடி படிக்காதீர்கள், உட்காருங்கள்.

முப்பது வருடம் விளையாட்டு வாத்தியாராகக் கத்திய தொண்டை, ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் அடங்கவில்லை. "ஒரு மாசம் கத்தாம இருந்து காட்டுங்க. முடியலைன்னா அண்ணன் நடத்துற மௌன முகாமுக்கு நானே மூட்டை கட்டி அனுப்பிடுவேன்" என்று உங்கள் தங்கை கெடு வைத்தாள். பத்து நாள் வாயைத் திறக்காமல், அதுவும் உங்கள் எதிரிலேயே உட்காருவதா! அந்தப் பயத்தில் தேடியபோதுதான் எனக்குக் குரு கிடைத்தார்.

குளியலறை மூலையில் நிற்கும் வாஷிங் மெஷின்தான் அவர். சிரிக்காதீர்கள். அன்றைக்குத் துவைத்து முடித்து ஓய்ந்தது, கதவை இழுத்தேன், திறக்கவில்லை, தட்டினேன், திட்டினேன், அதன் பரம்பரையையே இழுத்தேன், ம்ஹூம், அசைந்து கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் கழித்து 'டக்'கென்று அதுவாகவே, இல்லை, அவராகவே திறந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கத்தினால் திறக்காது, காத்திருந்தால் திறக்கும்! இதைத்தானே நீங்கள் பத்து நாள் சொல்லித் தருகிறீர்கள்? அன்றிலிருந்து தினமும் ஒரு துண்டையாவது போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறேன். இப்போதெல்லாம் லிஃப்ட் வராவிட்டாலும் கைகட்டித்தான் நிற்கிறேன். டாக்டர் என் ரத்த அழுத்தத்தை நம்பாமல் இரண்டு முறை பார்த்தார். உங்கள் தங்கையோ, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அப்படித் தொட்டு எத்தனை வருடமாயிற்று! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றோடு இருபத்தொன்பது நாள். நாளை பொழுது விடிந்தால் ஜெயம் எனக்கே. முகாமில் என்னை எதிர்பார்க்க வேண்டாம். தங்கள் வீட்டாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
கோபத்தை வென்ற தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் தங்கை மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள். "டோர் லாக் போயிருக்கு சார். ஒரு மாசமாவா இப்படி உக்காந்திருந்தீங்க?" என்று அவன் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டான். இப்போது துவைத்து முடித்த கையோடு திறந்துவிடுகிறது. "என் குருவை யாருடா உன்னை ரிப்பேர் பண்ணச் சொன்னது!" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று மாடிக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். நாளைக் காலை வண்டியில் முகாமுக்கு வருகிறேன், இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவருகிறேன். பழைய பூட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தியானத்தின்போது மடியில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா?