கட்டிங் மாஸ்டரின் நீல எண்கள்

கணினியைப் பணியவைக்க மறுத்த மனிதர் திருப்பூர் வட்டாரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. பனியன் கம்பெனியில் துணி வெட்டியதால் கட்டிங் மாஸ்டர்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், பெருமாநல்லூரில் எட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை வீடுகள்தான் அந்தக் காம்பவுண்டு. ஏற்றுமதிச் சரக்கை அனுப்பும் ஷிப்மென்ட் நெருக்கடியால் ஊர்த் திருவிழாவையும் கல்யாணத்தையும் தவறவிட்டவர்கள், பிறகு வந்துசேரும் வீடியோ சி.டி.க்களை மாஸ்டரிடம் கொடுப்பார்கள். அவர் அவற்றைத் தம் கணினியில் ஏற்றி, துணிக்கொடி வழியாகக் கேபிள் இழுத்து, கேட்டவர் வீட்டு டி.வி.யில் தம்மிடமிருந்த ஒரே மீடியா பிளேயர் பெட்டியைப் பொருத்திக் காட்டுவார்.

மின்சாரம் போய்வந்தால் கணினியின் நெட்வொர்க் எண் மாறிவிடும். பழைய எண்ணிலேயே தேடும் பிளேயருக்கு வீடியோக்கள் இருக்கும் கோப்புறை அகப்படாது. கணினிக்கு நிலையான எண் ஒன்றைக் கொடுத்துவிடலாமே என்று பட்டதாரித் தோரணையில் விளக்கினேன்.

"கம்பெனில எனக்கு ஒரு நம்பர் போட்டு வெச்சிருக்காங்க, அது பத்தாதுங்களா? இதாச்சும் அதும்பாட்டுக்கு இருக்கட்டுங்க தம்பி."

ஆகவே ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும், துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸால் தம் கணினியில் பார்த்துவந்த புது எண்ணை அந்த வீட்டுச் சுவரில் எழுதி, அதைப் பார்த்து ரிமோட்டில் ஒவ்வொன்றாக அழுத்துவார். அந்தக் கால மின்வெட்டுகளுக்கு எட்டு வீட்டுச் சுவர்களும் போதவில்லை.

காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரர் எச்சரித்தார்: "இன்னொரு நம்பர் எழுதுனீங்கன்னா ஊட்டக் காலி பண்ணிருங்க."

அந்த ஞாயிறு, தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலையிலிருந்த ரோஸ்மேரியக்கா வீட்டில் கூடியிருந்தோம். நெல்லைப் பக்கம் நடந்த தங்கை கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைத்திருக்கவில்லை. திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையிலெடுத்ததும் மின்சாரம் போயிற்று. அது திரும்பியபோது வாசலில் வீட்டுக்காரர் நின்றார்.

"விட்டுருங்க மாஸ்டர். இதுக்காக உங்க வீடு போயிரக் கூடாதுல்லா," என்றார் அக்கா.

மாஸ்டர் வழக்கத்தைவிடப் பெரிதாக, வீட்டுக்காரரின் கண்ணெதிரே, புது எண்ணை எழுதி ரிமோட்டில் அழுத்தினார்.

"காலி பண்ணிக்கிறேனுங்க. தாலி கட்டி முடியட்டுங்க."

"இதையெல்லாம் இவருக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்றார் வீட்டுக்காரர்.

விளைவுகளை எண்ணிப் பாராமல் வாய் திறக்காத நான் எழுந்து நின்றேன். "நான்தானுங்க. அவரு காலி பண்ணுனா நானும் பண்ணிக்கிறேனுங்க."

"அப்ப நாங்களும்தான்," என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். தாலி ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தார். "அடுத்த வாரத்துக்குள்ள வெள்ளையடிச்சிருங்க," என்று சொல்லி நடந்தார்.

மாஸ்டர் என் காதருகே குனிந்தார். "ஏனுங்க தம்பி, நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலீங்களே."

உண்மைதான். ஆனால் இன்று எவர் வந்து கேட்டாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்வேன்.