வுகாஷினின் வலது கையும் நான் வாங்கிய மஞ்சள் அட்டைகளும்

சோம்போர், செர்பியா,
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, சூப் அடுப்பில் இருக்கிறது.

மதிப்புக்குரிய நாத்தனார் தெசங்கா அக்காவுக்கு, உங்கள் தம்பி வுகாஷினின் மனைவி ரூஜித்சா மிகுந்த மரியாதையோடும் அதைவிட மிகுந்த களைப்போடும் எழுதிக்கொள்வது.

வியன்னாவில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் முழங்கால் வலி இல்லாமல், வாடகை வீட்டுக்காரியின் தொல்லை இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

பஸ் டிரைவர் மூலமாக நீங்கள் அனுப்பிய காப்பிப்பொடி வந்தது, சாக்லேட் வந்தது, கைக்குக் கரண்ட் கொடுக்கிற அந்த மெஷினும் வந்தது. முதல் இரண்டுக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் தம்பியைப் பக்கவாதம் அடித்தபோது நீங்கள் ஓடிவந்து பார்த்தீர்கள். வலது கை நனைந்த துண்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளூர் கால்பந்து லீக்கில் அத்தனை வருஷம் நடுவராக விசில் ஊதி, ஆறடி ஆட்களையெல்லாம் அதே கையால் மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பிய மனிதர், அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, பேர்போன நம் சோம்போர் சந்தைக்குக்கூட வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அப்போது உங்கள் மெஷின் வந்ததும் நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன், அக்கா. முன்கூட்டியே அழுதுவைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க யஸ்னா என்று ஒரு பெண் வருகிறாள். அவள்தான் முன்கையில் இரண்டு ஒட்டுப்பட்டைகளை ஒட்டி, கரண்ட் அளவைப் பார்த்து வைத்துக் காட்டினாள். கரண்ட் வந்ததும் இறுகிக் கிடந்த விரல்கள் பூ விரிவது போல விரிந்தன. சற்று நேரத்தில் மறுபடி மூடிக்கொண்டன. விரல் விரியும்போது இவர் கிண்ணத்தை எட்டிப் பிடிக்க வேண்டும், தூக்க வேண்டும், விட வேண்டும். அதுதான் வைத்தியம். உங்கள் தம்பியோ முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். சோபாவில் சாய்ந்து, மெஷினைப் போட்டுக்கொண்டு, கால்பந்து பார்ப்பார். கை தன் பாட்டுக்கு விரியும், மூடும். வருகிறவர்களிடமெல்லாம், "பார்த்தியா, நான் ஒண்ணுமே பண்ணல!" என்று பெருமை வேறு. அதைக் கேட்டுக்கொண்டே ஒருநாள் யஸ்னா உள்ளே வந்துவிட்டாள்.

"மாமா, நீங்க ஒண்ணும் பண்ணாதனாலதான் ஒண்ணும் நடக்கல" என்றாள். "கரண்ட் விரலைத் திறந்துவிடும். ஆனா திறக்கணும்னு அதே நேரத்துல நீங்க நினைக்கணும், முயற்சி பண்ணணும். அப்பத்தான் மூளை மறுபடி கத்துக்கும்."

"நான் நினைச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"என்ன நினைச்சீங்க?"

"இவ்வளவு பக்கத்துல நின்னுக்கிட்டு கோல் அடிக்கத் தெரியலையே இந்தக் கழுதைக்குன்னு."

பயிற்சி நேரத்தில் டிவி கூடாது என்று அன்றே சொல்லிவிட்டு, பயிற்சியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். கிண்ணம் தூக்கச் சொன்னாள்; என் கல்யாணத்துக்கு வந்த கிண்ணங்கள் போயின. பீன்ஸ் விதைகளைப் பொறுக்கிப் போடச் சொன்னாள். சோபாவுக்கு அடியில் இந்த வருஷம் பீன்ஸ் விளைந்தாலும் விளையும். துணி மாட்டும் கிளிப்பை அழுத்தச் சொன்னாள். அது இவர் விரலைவிட்டுத் துள்ளிப் போய்ப் பூனையின் வாலைப் பிடித்துக்கொண்டது. பூனை இரண்டு நாள் பக்கத்து வீட்டில் தங்கியது. எனக்கும் அந்த யோசனை வந்தது, அவர்கள் வீட்டில் இடம் இல்லை.

இதற்குள் புனித நிக்கோலாஸ் திருநாள் வந்தது. நம் குடும்பத்தைக் காக்கிற புனிதரின் திருநாளை விட முடியுமா? கெண்டை மீன் பொரித்தேன், கோதுமைப் பண்டம் செய்தேன், ரொட்டி சுட்டேன், பாதிரியார் ஸ்ரெதோயே வந்து ஜெபித்து அதைப் புனிதப்படுத்தினார். எல்லாரும் உட்கார்ந்தபின் வீட்டுத் தலைவர் எழுந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் தம்பி எழுந்தார், அக்கா. இடது கையால் பிளம் சாராயக் கோப்பையை எடுத்து, வலது கை விரல்களுக்குள் செருகி, அந்தக் கையை மேலே தூக்கினார்! நான் சிலுவை போட்டுக்கொண்டேன். சட்டைக் கைக்குள்ளே மெஷினைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. "இந்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும்..." என்று ஆரம்பித்தார். மெஷினுக்கு வாழ்த்தெல்லாம் தெரியுமா? தன் நேரம் வந்ததும் அது விரல்களை விரித்துவிட்டது. கோப்பை நேராகப் பாதிரியாரின் மடியில். அதோடு விட்டதா? நாங்கள் துண்டால் துடைத்துக்கொண்டிருக்க, அந்தக் கை விரிவதும் மூடுவதுமாக, அவருக்குப் போய்வாருங்கள் என்று டாட்டா காட்டிக்கொண்டே இருந்தது.

பாதிரியார் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. விருந்தினர் போனதும் ஒட்டுப்பட்டைகளைப் பிய்த்துப்போட்டு, மெஷினை அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளும் எழவில்லை, அதற்கடுத்த நாளும் எழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, சுவரைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கை செத்துப்போச்சு ரூஜித்சா. அதை மட்டும் முதல்ல அடக்கம் பண்ணிடு, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றார். நான் திட்டினேன். கத்தினேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

யஸ்னாவை வரவழைத்தேன். அவள் நேரே என் பக்கம் திரும்பினாள். என்னிடம், "அத்தை, வாதம் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கை ரொம்ப ஆசையா பண்ணின வேலை எது?" என்று கேட்டாள். நான் மடச்சி, வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? மேசை இழுப்பறையிலிருந்து, இவர் மைதானத்தில் எச்சரிக்கக் காட்டிய மஞ்சள் அட்டையையும் வெளியே அனுப்பக் காட்டிய சிவப்பு அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் மெஷினை இறக்கி, அதன் பொத்தானை இவர் இடது கையில் கொடுத்தாள். இப்போது அது தன் இஷ்டத்துக்கு வேலை செய்யாது. இவர் நினைத்து அழுத்தினால்தான் கரண்ட் வரும். சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோக வேண்டும், விரலைத் திறக்க வேண்டும், அட்டையைப் பிடிக்க வேண்டும், உயர்த்த வேண்டும். "யாருக்கு உயர்த்த?" என்றார் சுவர்ப் பக்கமிருந்து. யஸ்னா என்னைப் பார்த்தாள். இவரும் திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். என் நிம்மதி அந்த நிமிஷத்தோடு போயிற்று.

சூப்பில் உப்பு கூடினால் மஞ்சள் அட்டை. டிவிக்கு முன்னால் நடந்தால் மஞ்சள் அட்டை. உங்களோடு போனில் அதிக நேரம் பேசியதற்கு மஞ்சள் அட்டை. அதை எதிர்த்துக் கேட்டதற்குச் சிவப்பு. என் சொந்தச் சமையலறையிலிருந்து என்னை வெளியே அனுப்பினார், அக்கா! சீட்டாட வந்த பக்கத்து வீட்டு ஸ்வெதோஸார் கள்ள ஆட்டம் ஆடியதாகச் சிவப்பு வாங்கிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, நிஜமாகவே தலைகுனிந்து போனார். ஜெபம் நீண்டுவிட்டது என்று பாதிரியாருக்கும் ஒரு மஞ்சள். ஆரம்பத்தில் அட்டை கீழே விழுந்துகொண்டே இருந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்து, அப்புறம் நிமிர்ந்து நின்று தண்டனை வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது தோளுக்கு மேலேயே உயர்கிறது.

இதை யஸ்னாவிடம் முறையிட்டால் அவள் கைதட்டுகிறாள். "அபாரம் அத்தை! ஆனா பத்தாது. திரும்பத் திரும்பப் பண்ணினாத்தான் கை பழகும். நீங்க இன்னும் நிறைய தப்பு பண்ணணும்."

"வேணும்னேவா?"

"ஆமா. சும்மா சும்மா உயர்த்தச் சொன்னா மாமா செய்ய மாட்டேங்கிறாரு. நியாயமான காரணம் வேணுமாம்."

ஆகவே நான் காலையில் எழுந்ததும் இன்று என்னென்ன குற்றம் செய்யலாம் என்று யோசிக்கிறேன். காப்பியில் சர்க்கரை போடாமல் கொடுக்கிறேன். செய்தித்தாளைத் தலைகீழாக மடிக்கிறேன். ஊரெல்லாம் என்னை நல்ல சமையல்காரி என்று சொல்லும். அந்தப் பெயரை வைத்தியத்துக்காகக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று களைப்பில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். "ஆட்டத்தைத் தாமதப்படுத்துறே" என்று அதற்கும் ஓர் அட்டை.

எனவே அக்கா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வாருங்கள். உங்கள் தம்பியையும் மெஷினையும் இரண்டு அட்டைகளையும் பெட்டியில் கட்டி வைத்திருப்பேன். ஈஸ்டர் வரையிலாவது வியன்னாவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குற்றம் செய்ய நிறைய மனிதர்கள் இருப்பார்கள். மறுத்தீர்களானால் நான் ஸ்வெதோஸார் வீட்டுக் கோழிக்கூட்டில் குடியேறுவேன். இது மிரட்டல் இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், கால்கள் தளராமல், நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நெடுநாள் வாழ ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
பொறுமையின் கடைசித் துளியில் நிற்கும்
ரூஜித்சா

பின்குறிப்பு: வர வேண்டாம். இன்னும் டிக்கெட் எடுத்திருக்க மாட்டீர்கள், கடிதமே என் கையில்தான் இருக்கிறது. தபால் நிலையம் போகலாம் என்று அந்தச் சாம்பல் நிற உடையைப் போட்டேன். முதுகில் ஜிப் வைத்தது. அது பாதியில் சிக்கிக்கொண்டது. நான் கையை வளைத்து வளைத்துத் திண்டாடிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து, "நில்லு, ஆடாதே" என்று குரல். ஒட்டுப்பட்டை இல்லை, மெஷின் இல்லை, பொத்தான் இல்லை. இடது கையால் ஜிப்பைப் பிடித்தார். வலது கை விரல்கள் என் இடுப்பருகே துணியைத் தேடின, நழுவின, மறுபடி தேடின, பிடித்துக்கொண்டன. இழுக்க எவ்வளவோ நேரம் ஆயிற்று. அடுப்பில் சூப் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. நான் அசையவில்லை. கடைசியில் ஜிப் கழுத்து வரை ஏறியது. "குண்டாயிட்டே" என்றார்.

மேலே எழுதியது ஒவ்வொரு எழுத்தும் உண்மை, அதனால் கிழிக்க மனம் வரவில்லை. ஆனால் அவர் இங்கேயே இருக்கட்டும். இதற்குள் தபால் நிலையம் மூடிவிட்டது, கடிதம் நாளைக்குத்தான் போகும். நான் இன்னும் அதே உடையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கழற்றவும் இன்னொரு ஆள் வேண்டும். போய்க் கூப்பிடப்போகிறேன். பயிற்சி என்று நினைத்துக்கொள்ளட்டும்.