மைத்துனர் விட்டுப்போன மலைப்பாம்பு

ஊரின் பெயர் விடா. மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டுக் கடலோரம். எடுத்த காரியத்தை விடாத பெண்கள் அங்கே நிறைய உண்டு. அவர்களில் ஒருத்தியைத்தான் அசோக்பா கல்யாணம் செய்துகொண்டிருந்தான்.

அசோக்பா முடிவெட்டுகிறவன். சந்தைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, மூன்று கத்தரிக்கோல். கத்தரிக்கோலைவிட நாக்குக்கு வேகம் அதிகம். கடலில் சுறாவை எட்டி உதைத்த கதையைக் கேட்காமல் ஒரு தலையும் அங்கிருந்து எழுந்து போனதில்லை. அப்பேர்ப்பட்ட வீரனுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பயம். பாம்பு.

அதுவும் அந்த ஊரில்! மலைப்பாம்பு வீட்டுக்குள் நுழைந்தால் "வாங்க அப்பா" என்று வணங்குகிற ஊரில்! விஷயம் வெளியே தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான். ஆகவே இருபத்திரண்டு வருஷமாகப் பயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினான்.

மழைக்காலம் தொடங்கியபோது அவன் மனைவி செனாமியின் அண்ணன் சின்சு இறந்துபோனார். செனாமிக்குத் தாயும் தகப்பனுமாக இருந்தவர் அவர். அடக்கம் முடிந்த மறுவாரம், சாப்பாட்டின்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"அங்க அவர் தனியா இருக்காருங்க."

"எவரு?"

"அண்ணனோட பாம்பு. அண்ணன் படுத்திருந்த பாயை விட்டு நகரவே மாட்டேங்குறாராம். அண்ணியும் மகன் வீட்டுக்குக் கோத்தோனூ பட்டணத்துக்குப் போறாங்க. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறேன்."

அசோக்பா கையிலிருந்த சோளக்களி நழுவிக் குழம்பில் விழுந்தது.

"தாராளமா கூட்டிட்டு வா," என்றான். "ஆனா வீடு சின்னதாச்சே."

"அவரும் சின்னவருதான். நாலடி இருப்பாரு."

"பக்கத்து வீட்டுல கோழி வளக்குறாங்க."

"அவர் எலிதான் சாப்பிடுவாரு. நம்ம வீட்டுல அதுக்கா பஞ்சம்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல செனாமி. உனக்குப் பயமா இருக்குமேன்னுதான் யோசிக்கிறேன்."

"எனக்கா?" என்றாள். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து கை கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாம்பு வந்தது. செனாமி கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். பின்னால் அண்ணியும் தெருவில் பாதிப் பேரும் வந்தார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று சொட்டுப் பனஞ்சாராயம் விட்டார்கள். திண்டு மாதிரி மடித்த வெள்ளைத் துணியின் மேல் செனாமி அவரை இறக்கி வைத்தாள்.

"அப்பா, இது உங்க வீடு. இவர்தான் என் வீட்டுக்காரர்," என்றாள்.

பாம்பு தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி, வீட்டுக்காரரை விசாரித்தது. அசோக்பா தொப்பென்று மண்டியிட்டான். என்ன பக்தி என்று தெருவே நெகிழ்ந்தது. முழங்கால் கழன்றுவிட்டது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி," என்றாள் அண்ணி. "எங்க குடும்ப வழக்கம். வீட்டு ஆம்பளை ஒரு கூடை வள்ளிக்கிழங்கைத் தன் தலையில சுமந்துட்டுப் போய்ப் பாம்புக் கோயில்ல குடுக்கணும். அதுவரைக்கும் இவர் விருந்தாளி. குடுத்துட்டா உங்க வீட்டு ஆளு."

அசோக்பா அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டான். விருந்தாளி! விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டியவர்தானே? அந்த நிமிஷமே அவனுக்குக் கூடை சுமக்க முடியாதபடி கழுத்து வலி வந்தது. மூன்று வாரம் வலித்தது.

அந்த மூன்று வாரமும் அவன் மேஜைமேல்தான் தூங்கினான். கேட்டால் காற்று நன்றாக வருகிறது என்றான். வீட்டில் மரியாதைச் சொற்களெல்லாம் குழம்பிப்போயின.

"அவர் சாப்பிட்டாரா?" என்று வாசலில் நின்று கேட்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சாப்பிட்டுச் சுருண்டு படுத்திருக்காரு."

"பாம்பைக் கேக்கல செனாமி, உன் வீட்டுக்காரரைக் கேட்டேன்."

"நானும் அவரைத்தான் சொன்னேன்."

கடையிலும் கத்தரிக்கோல் குறி தவறியது. ஒரு வாடிக்கைக்காரர் காதில் ரத்தம் வந்ததும் அசோக்பா முடிவெடுத்தான். இன்றே கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடுவது. செனாமிக்கு வருத்தம்தான். ஆனால் தான் மேஜையிலிருந்து விழுந்து செத்தால் அவளுக்கு அதைவிட வருத்தமாக இருக்குமே.

ஒரே ஒரு சிக்கல். கூடையில் யார் எடுத்து வைப்பது?

"செனாமி, அவருக்கு வெயில் படவே இல்ல பாவம். கொஞ்சம் வெளியில கூட்டிட்டுப் போய்ட்டு வரேன். கூடையில வச்சுக் குடேன். என் கையில சோப்பு வாசனை, அவருக்குப் பிடிக்காது."

"நீங்களா கூட்டிட்டுப் போறீங்க?"

"அவரும் மனுஷர்தானே."

அவள் உள்ளே போனாள். துணி போட்டு இறுகக் கட்டிய கூடையோடு வந்து, அவன் தலையில் பதமாக ஏற்றி வைத்தாள். "நல்லா கனக்குதே," என்றான். "நேத்துப் பெரிய எலி சாப்பிட்டாரு," என்றாள்.

உச்சி வெயிலில் அசோக்பா நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் கூடைக்குள் ஏதோ புரண்டது. ஒவ்வொரு புரளலுக்கும் அவன் உயிர் ஒருமுறை போய் வந்தது. வழியில் மீன் விற்கிற பெண்கள் எழுந்து நின்று கூடையைக் கும்பிட்டார்கள். மோட்டார் சைக்கிள்காரன் வண்டியை நிறுத்தி வழிவிட்டான்.

கோயில் பூசாரி அகோசு வாசலிலேயே நின்றிருந்தார். அசோக்பா கூடையை இறக்கிவிட்டு ஐந்தடி தள்ளி நின்றான். கண்ணீர் தானாக வந்தது.

"ஐயா, இவரை நீங்களே வச்சுக்கங்க. என் பெஞ்சாதிக்கு ரொம்பப் பயம். மூணு வாரமா மேஜைமேல தூங்குறா. சொல்லவும் வெக்கப்படுறா. அவ பயப்படுறதை என்னால பாக்க முடியல."

பூசாரி சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்தார். கையை விட்டார். ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"நல்ல கிழங்கு," என்றார்.

உள்ளே ஏழு வள்ளிக்கிழங்கு இருந்தது.

"காலையிலேயே உன் பெஞ்சாதி வந்து சொல்லிட்டுப் போனா. 'இன்னைக்கோ நாளைக்கோ என் வீட்டுக்காரர் தன் தலையிலேயே சுமந்துட்டு வருவாரு, வாங்கிக்கங்க'ன்னா. வாங்கிக்கிட்டேன். இனிமே அவர் உங்க வீட்டு ஆளு. போய் ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்க."

அசோக்பா வெறுங்கூடையோடு திரும்பினான். செனாமி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் மடியில் சுருண்டு கிடந்தார். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் அண்ணன் போனபிறகு முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்தும் இருந்தது. சண்டை போட வந்தவன் அதைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தான். ஐந்தடி தள்ளி உட்கார்ந்தான். பிறகு, அவளுக்காக, நாலடி தள்ளி.

"எனக்குப் பயம்னு உனக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

"யாரு சொன்னா?"

"அண்ணன்தான். பொண்ணு பாக்க வந்தப்ப இவரைப் பாத்துட்டு நீங்க ஜன்னல் வழியா குதிச்சீங்களாமே. 'இந்தப் பையன் வீட்டுல அடங்கி இருப்பான், இவனையே கட்டிக்கோம்மா'ன்னு சொன்னாரு."