பாஸ்டர் கடித்த குல்குல்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
டிசம்பர் 21

அன்புள்ள மௌரீன் அக்காவுக்கு, தம்பி டென்சில் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் என் வீட்டம்மா சிந்தியாவும் சுகம், என் வலது கையைத் தவிர. வேலூரில் நீங்களும் அத்தானும் இரண்டு கைகளோடும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இதை இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.

ஜூலையில் பக்கவாதம் வந்ததிலிருந்து ரூபினி என்கிற தெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வருகிறாள். பட்டன் போடுவது, சப்பாத்தி பிய்ப்பது எல்லாம் நானே வலது கையால் செய்ய வேண்டும், யாரும் உதவக்கூடாது என்றாள். அதை சிந்தியா பதினோராவது கட்டளையாகவே எடுத்துக்கொண்டாள். போன ஞாயிறு எட்டு மணி ஆராதனைக்கு ஏழு மணிக்கே பட்டன் போட ஆரம்பித்தேன். சர்ச்சுக்குள் நுழையும்போது ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டனும் ஒன்று மாறியிருந்தது. அதாவது போகட்டும் அக்கா, விரலுக்குப் பலம் வர மாவு நிறத்தில் ரப்பர் மாதிரி பிசைந்து உருட்டுகிற ஒரு பசை கொடுத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் ஃபோர்க் முதுகில் மாவைச் சுருட்டி குல்குல் பலகாரம் உருட்டுவது எப்போதும் நான்தானே, அதனால் முதலில் பசையில் உருட்டிப் பழகச் சொன்னாள். முப்பது உருட்டி, சிந்தியா பொரித்து வைத்திருந்த தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அவள் இரண்டு தட்டையும் சேர்த்து சர்க்கரைப் பாகில் கொட்டிவிட்டாள். அன்றைக்கென்று பாஸ்டர் ஜெயராஜ் வந்தார். ஒன்றைக் கடித்தார், பல்செட்டு அதோடு வெளியே வந்துவிட்டது. நல்ல மனுஷர், "பாகு கொஞ்சம் முத்திப்போச்சு போல சிஸ்டர்" என்றார்.

இதைக் கேட்டு ரூபினி சிரிக்கவில்லை. "ஆன்ட்டிக்குக்கூட வித்தியாசம் தெரியலையா அங்கிள்?" என்று கேட்டு, என் விரல்களைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

ஐந்து மாதம் ஆகிவிட்டது அக்கா. இந்தக் கை இனி வராது. எனக்குப் பயமாக இருக்கிறது, சிந்தியாவிடம் சொன்னால் அழுவாள். நீங்கள்தான் போன் பண்ணி தெரபியை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அத்தானுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
டென்சில்

பி.கு.: போன் பண்ண வேண்டாம். இதைத் தபாலில் போடுமுன் சிந்தியா மீதி மாவை என் முன்னால் வைத்து, "நீங்களே உருட்டுங்க, எனக்கு வேற வேலையிருக்கு" என்று போய்விட்டாள். அறுபது உருட்டினேன். பன்னிரண்டுதான் சப்பை. இந்தப் பின்குறிப்பை வலது கையால் எழுதினேன், ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசிக்க முடிகிறதா என்று மட்டும் பதில் போடுங்கள்.